மாலைப் படிப்பகம்: பணம் கொடுப்பவனின் மதிப்புரை

ஓட்டல் சாம்பாருக்கும் மிக்ஸிக்கும் பக்கம் பக்கமாக மதிப்புரை எழுதுகிறோம். நன்கொடை வாங்கும் இடத்தைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. தர்மக் காரியமாம், குறை சொல்லக் கூடாதாம். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியே தலை நரைத்தவன் நான். யார் கை நீட்டினாலும் கணக்குக் காட்டியாக வேண்டும் என்பது என் கட்சி. வியாசர்பாடியில் நான் மாதாமாதம் பணம் கொடுத்துவரும் மாலை நேரப் படிப்பகத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம்.

பழைய இரும்புக் கடைக்கு மேலே ஒரு மாடி. தகரக் கூரை, ஏப்ரலில் வெந்து போகும். ஆறு மணி முதல் எட்டரை வரை, சுற்றுவட்டார அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லாமல் பாடம்.

"எல்லாவற்றையும் அரசாங்கமே தருகிறதே, நாம் வேறு எதற்கு?" என்று என் மைத்துனர் கேட்டார். நியாயமான கேள்விதான். பாடநூல், நோட்டு, சீருடை, பை, மதிய உணவு எல்லாம் இலவசம். 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் உண்டு. ஆனால் அம்மா வேலை முடிந்து வீடு திரும்பாத அந்த ஆறு மணிக்கு, பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எங்கே இடிக்கிறது என்று பார்க்க ஆள் வேண்டுமே.

ஒரு நாள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 402-லிருந்து 178-ஐக் கழிக்கத் திணறிக்கொண்டிருந்தாள். இரண்டிலிருந்து எட்டு போகாது. பக்கத்தில் கடன் கேட்கலாம் என்றால் அங்கே பூஜ்ஜியம். பாடம் நடத்தும் அக்கா, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட ஐஸ் குச்சிகளை எடுத்து வந்தார். நூறு குச்சி உள்ள பெரிய கட்டைப் பிரித்தால் பத்துச் சிறிய கட்டுகள். அதில் ஒன்றைப் பிரித்தால் பத்துக் குச்சிகள். "இப்போது கொடு" என்றார். சிறுமி எட்டுக் குச்சிகளை எண்ணி எடுத்து வைத்தாள். 224 வந்தது. நம்பாமல் மறுபடியும் பிரித்துப் பார்த்தாள். நாற்பது பேர் வகுப்பில் ஒருத்திக்கு இவ்வளவு நேரம் யார் தருவார்கள்?

அந்த அக்கா பகலில் பி.காம் படிக்கிறவர். மாத மதிப்பூதியம் நின்றுபோனால் மாலையில் ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போய்விடுவார், போகவும் வேண்டும். தொண்டர்களை நான் மதிக்கிறேன். ஆனால் பரீட்சைக் காலத்தில் அவர்களுக்கும் பரீட்சை வந்துவிடுகிறது.

பணம் கொடுப்பவர்களுக்கோ மதிப்பூதியம், வாடகை, கரண்ட் பில் என்றால் கசக்கிறது. தங்கள் பெயர் எழுதிய மின்விசிறி வேண்டும். பிறந்த நாளுக்குப் பிரியாணி போட்டுப் புகைப்படம் எடுக்க வேண்டும். மூலையில் மூன்று மூட்டை பழைய கைடுகள் கிடக்கின்றன. பாடத்திட்டம் 2018-லிருந்து மாறிவிட்டது என்பது அவற்றைக் கொடுத்த புண்ணியவான்களுக்குத் தெரியவில்லை.

இந்தப் படிப்பகத்தில் எனக்குப் பிடித்ததே, தேவைப் பட்டியலைச் சுவரில் ஒட்டியிருப்பதுதான். காமராசர் ஆட்சியில் கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலும் இதே முறைதான்: பள்ளிக்கு என்ன வேண்டும் என்று முதலில் பட்டியல், பிறகு ஊராரிடம் வேண்டுகோள். பெஞ்சு, கரும்பலகை, நிலம் என்று வந்து குவிந்ததாம். பட்டியல் இல்லாத தர்மம் பழைய கைடு மூட்டையில் போய் முடிகிறது.

இனிக் குறைகள். நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு பெறத் தேவையான 80ஜி சான்றிதழ், அதாவது படிவம் 10பிஇ, சென்ற ஆண்டு கேட்டுக் கேட்டுத்தான் வந்தது. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு அது இல்லாமல் கழிவு கிடையாது. இரண்டாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது; பொருளாகக் கொடுத்தால் அறவே இல்லை. கொடுக்கிறவர்கள் ஆன்லைனில் அனுப்புங்கள். அடுத்து, கழிப்பறை ஒன்றே ஒன்று, தாழ்ப்பாளும் சரியில்லை. எட்டாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகள் குறைவாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன். நிர்வாகியிடம் சொன்னேன்; அடுத்த மாதப் பட்டியலில் தாழ்ப்பாள் முதலிடத்துக்கு வந்துவிட்டது. வரவு செலவையும் அதே சுவரில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். இப்போதைக்குக் கேட்டால் நோட்டை எடுத்துக் காட்டுகிறார்கள். கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். மாதம் ஐந்நூறு தவறாமல் வந்தால், வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெருந்தொகையைவிட உதவி என்கிறார் நிர்வாகி. எந்த மாதம் எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் அக்காக்களிடம் சம்பளத்துக்கு வாக்குக் கொடுக்க முடியும்.

ஞாயிறு விடுமுறை. பார்க்கப் போகிறவர்கள் ஆறரைக்கு மேல் போங்கள். அதற்கு முன்னால் சுண்டல் நேரம், உங்களை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். படிக்கட்டு செங்குத்து, கைப்பிடியும் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயிருந்து குரல் கொடுத்தால் யாராவது நோட்டை எடுத்துக்கொண்டு இறங்கி வருவார்கள்.