மகிந்திரா எஃப்சி-150: கார்புரேட்டருக்குக் கீழே ஒளிந்திருக்கும் போல்ட்

எஃப்சி-150 (ஃபார்வர்டு கன்ட்ரோல், அதாவது கேபின் எஞ்சினுக்கு மேலேயே உட்காரும் பழைய பிக்கப்) வாங்கலாமா என்று கேட்பவர்கள் எல்லோரும் எஞ்சினை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். ஜீப் தயாரித்த வில்லிஸ் நிறுவனம் 1956 கடைசியில் அமெரிக்காவில் அறிமுகம் செய்து, 1965 முதல் மகிந்திரா இங்கே தயாரித்த இந்த பிக்கப்பில் இருப்பது 2.2 லிட்டர் எஃப்-134 ஹரிகேன். சிஜே-3பி ஜீப்பிலும் இதே எஞ்சின்தான். பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு எதுவானாலும் பழைய ஜீப் சாமான் விற்கும் கடைகளில் தேடினால் அகப்படும். கியர்பாக்ஸும், முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் அப்படியே.

எனக்குத் தீராத எரிச்சல் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) மாற்றுவதில்தான். இப்போதுதான் மறுபடி அந்த வேலை முடிந்தது, சூடு ஆறாமலே எழுதுகிறேன். இந்த எஞ்சினில் இன்லெட் வால்வு ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில். இன்லெட் பாதையும் ஹெட்டுக்குள்ளேயே வார்த்திருப்பதால், ஒரு ஹெட் போல்ட் கார்புரேட்டர் உட்காரும் துவாரத்துக்குள் போய்விட்டது. கார்புரேட்டரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால்தான் கரி படிந்த அதன் தலை தெரியும். தெரியாத மெக்கானிக் மற்ற எல்லா போல்ட்டையும் எடுத்துவிட்டு, ஹெட் ஏன் அசையவில்லை என்று இடுக்கில் உளியை வைத்துத் தட்டுவார். அந்தக் கீறலில்தான் அடுத்த கேஸ்கெட்டும் ஊதும். வண்டி வாங்கப் போனால் ஹெட்டும் பிளாக்கும் சேரும் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். உளித் தடம் இருந்தால் அந்த முகத்தை மெஷினில் சமமாகச் சீவும் செலவையும் விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

அந்த போல்ட்டைக் கழற்ற, சாக்கெட்டை எக்ஸ்டென்ஷனோடு டேப் சுற்றிக் கட்டிவிட்டு இறக்குங்கள். நழுவினால் இன்லெட் பாதைக்குள் விழும். எல்லாமே அங்குல அளவு போல்ட். மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிவிடும். திரும்ப மாட்டும்போது நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, 30, 50, கடைசியில் 65 அடி-பவுண்டு என்று மூன்று தவணையில் முறுக்க வேண்டும். எஞ்சினைச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி டார்க் (முறுக்கு அளவு) பார்க்க வேண்டும். அதற்கு கார்புரேட்டர் இரண்டாம் முறையும் கழற்றப்பட வேண்டும் என்பதால் பலர் அந்த ஒரு போல்ட்டை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். பிறகு குளிர்ந்த நிலையில் டாப்பெட் இடைவெளி: இன்லெட் 0.018 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.016. எக்ஸாஸ்ட் டாப்பெட் மேனிஃபோல்டுக்குக் கீழே, பக்கவாட்டு மூடிக்குள். ஜீப்பில் பானெட்டைத் தூக்கி நின்றபடி செய்யும் வேலையை, எஃப்சியில் கேபினுக்குள் முழங்காலிட்டுச் செய்கிறோம்.

எஞ்சின் இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருப்பதால் சின்னக் கசிவுகூட பெரிய விஷயம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் டப்டப் சத்தம் வந்தால் தள்ளிப்போடக் கூடாது, புகை நேராக மூச்சுக்குள் போகும். எஞ்சின் மூடியின் விளிம்பு பீடிங் நைந்திருந்தால் அன்றே மாற்றுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். பெட்ரோல் பம்பில் இருக்கும் பழைய ரப்பர் டயாபிரம் அதில் தாங்காது. டிப்ஸ்டிக்கை முகர்ந்து பெட்ரோல் வாடை அடித்தால் டயாபிரம் கிழிந்து, பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது என்று அர்த்தம். எத்தனால் தாங்கும் டயாபிரமும் ஹோஸும் போட்டுவிட்டால் நிம்மதி.

ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லையா? லைனிங்கைக் குறை சொல்லும் முன் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் ஆயில் சீலைப் பாருங்கள். ஹேண்ட்பிரேக் டிரம் டிரான்ஸ்ஃபர் கேஸின் முதுகிலேயே இருப்பதால் ஆயில் நேராக லைனிங்கில் ஊறும்.

உண்மையான பஞ்சம் கேபினுக்குத்தான். கதவு, முன் கண்ணாடி, அதன் ரப்பர், கிரில் எதுவும் ஜீப்போடு பொருந்தாது. கதவுக் கண்ணாடி தட்டை, வெட்டி வாங்கிவிடலாம். தரைத்தகடும் சக்கர வளைவும் துருப்பிடித்தால் 18 கேஜ் தகட்டில் நல்ல டிங்கர் கட்டிக்கொடுப்பார். முன் கண்ணாடிச் சட்டத்தின் கீழ் மூலைகள் அரித்திருந்தால் வளைவு கெடாமல் கட்டுவது கடினம். கண்ணாடி உட்காராமல் விரிசல் விடும். சென்னை புதுப்பேட்டையில் இதற்கான பாகம் கண்ணில் பட்டால், தேவை இப்போது இல்லையென்றாலும் வாங்கி வையுங்கள்.

டீசல் எஞ்சின் மாற்றிய வண்டிகள் விலை மலிவு. ஆனால் 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதிப்படி 50 வயது தாண்டியிருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாறியிருக்கக் கூடாது. விண்டேஜ் வண்டிகளுக்குத் தரும் ‘விஏ’ எண் வேண்டுமென்றால் டீசல் மாற்றிய வண்டியைத் தொடாதீர்கள்.

அந்த உயரத்தில் உட்கார்ந்து, குட்டையான வீல்பேஸில் ஒரு சந்துக்குள் வண்டியைத் திருப்பும் சுகத்துக்கு ஈடு வேறு எதிலும் இல்லை. என் வண்டியை விற்க மாட்டேன். ஆனாலும் கேட்கும் நண்பர்களுக்கு ‘வேண்டாம், சிஜே-3பி வாங்குங்கள்’ என்றுதான் சொல்கிறேன். கேட்காமல் வாங்கியே தீருவேன் என்பவர்கள் எஞ்சின் ஜாம் ஆன வண்டியாக இருந்தாலும் எடுங்கள், கேபின் முழுசாக இருக்கட்டும்.