11 வருடம் சமூக ஊடகத்தில் இருந்த பிறகு என் நேரத்துக்கு என்ன ஆனது

ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு, அலாரம் வைப்பதற்காக போனைக் கையில் எடுத்தேன். கீழே வைத்தபோது மணி பன்னிரண்டே கால். காலையில் மனைவி கேட்டாள், "ராத்திரி அவ்வளவு நேரம் அப்படி என்னதான் பார்த்தீங்க?" கோபமாகக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். யாரோ ஒருவர் துருப்பிடித்த கத்தியைத் தீட்டிப் பளபளப்பாக்கியது மட்டும் ஞாபகம் வந்தது. மிச்சமெல்லாம் எங்கே போனது?

அந்தக் கேள்விதான் என்னை உலுக்கியது. நல்ல நண்பனோடு பேசி உட்கார்ந்தாலும் நேரம் போவதே தெரியாது. ஆனால் அடுத்த நாள் யாராவது கேட்டால், என்ன பேசினோம், எங்கே சிரித்தோம், எதில் சண்டை வந்தது என்று அரை மணி நேரம் சொல்ல முடியும். ஸ்க்ரோல் செய்யும்போதும் நேரம் போவது தெரிவதில்லை. ஆனால் திரும்பச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை.

உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே இதைத் தொட்டிருக்கிறார். விதவிதமான அனுபவங்கள் நிறைந்த நேரம் நடக்கும்போது சட்டென்று போய்விடும், பின்னால் நினைத்துப் பார்த்தால் நீளமாகத் தெரியும். வெறுமையான நேரம் அதற்கு நேர் எதிர் என்றார். ஸ்க்ரோல் செய்யும் நேரம் இந்தக் கணக்கில் எதிலுமே சேராது. போகும்போதும் சட்டென்று போகிறது, திரும்பிப் பார்த்தாலும் ஒன்றுமில்லாமல் சுருங்கிக் கிடக்கிறது. இரண்டு பக்கமும் நஷ்டம். ஒரு நினைவு தங்குவதற்கு இடம், ஆள், வாசனை, உடம்பின் அசைவு என்று ஏதாவது பிடிமானம் வேண்டும். நானோ ஆயிரக்கணக்கான வீடியோக்களை அதே தலையணையில் சாய்ந்து, அதே வெளிச்சத்தில், அதே கட்டைவிரலால் தள்ளியே பார்த்திருக்கிறேன்.

2014-ல் முதல் ஸ்மார்ட்போன் வாங்கியபோது இப்படி இல்லை. நான் அதிகம் பார்த்த பக்கங்களில் பதிவுகள் கால வரிசையில் வரும். கொஞ்ச நேரத்தில் நேற்று பார்த்த போட்டோ வந்து நிற்கும். சரி, எல்லாம் பார்த்தாச்சு என்று மூடிவிடுவேன். 2016-ல் ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் அந்த வரிசையை விட்டு, நமக்குப் பிடிக்கும் என்று கணிப்பதை முதலில் காட்டத் தொடங்கின. அதற்குப் பத்து வருடம் முன்பே, 2006-ல், ஏஸா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் முடிவில்லாமல் நீளும் ஸ்க்ரோலை உருவாக்கியிருந்தார். 'அடுத்த பக்கம்' என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டிய தேவை போய்விட்டது. அந்தப் பொத்தானுக்கு முன்னால் நிற்கும் ஒரு நொடியில்தான், போதுமா என்று மனசு கேட்கும். பிற்பாடு அவரே இதற்காக வெளிப்படையாக வருந்தியிருக்கிறார். வரிசையும் போய், முடிவும் போனபின், இன்று காலை நடந்ததும் போன வாரம் நடந்ததும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. எது எப்போது நடந்தது என்ற உணர்வே எனக்கு மழுங்கிவிட்டது.

அப்புறம் என் மகளின் ஆண்டு விழா. நான்கு நிமிட நடனத்தை முழுவதும் வீடியோ எடுத்தேன், ஸ்டேட்டஸ் போட்டேன், 24 மணி நேரத்தில் அது மறைந்தது. பல மாதம் கழித்து அந்த வீடியோவைத் தேடி எடுத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன். நடுவில் ஓர் இடத்தில் அவள் கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து, ஸ்டெப்பை மறந்து ஒரு கணம் சிரிக்கிறாள். கேமராவைப் பார்த்து அல்ல, அதற்குக் கொஞ்சம் மேலே, என் முகத்தைப் பார்த்து. அன்று நான் அவளைப் பார்க்கவே இல்லை. ஃபிரேமில் கால் வெட்டுப்படுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். லிண்டா ஹென்கெல் என்ற ஆய்வாளர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் படம் எடுத்த பொருட்களைவிட வெறும் கண்ணால் பார்த்தவற்றையே மக்கள் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள் என்று வருகிறது. அதைப் படித்தபோது அந்தச் சிரிப்புதான் கண்ணில் வந்தது.

ஒன்றரை வருடமாக மாற்ற முயன்று வருகிறேன். நேர வரம்பு வைத்துப் பார்த்தேன். 'இன்னும் 15 நிமிடம்' என்று ஒரு வழி இருக்கும்வரை அது பயன்படவில்லை. திரையைக் கருப்பு வெள்ளையாக்கியது இரண்டு வாரம் தாங்கியது. உண்மையில் உதவியது இரண்டுதான். ஒன்று, தனியாக ஒரு அலாரம் கடிகாரம் வாங்கி, போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுவது. இரண்டு, செயலிகளை போனிலிருந்து எடுத்துவிட்டு, கணினியில் மட்டும் பார்ப்பது.

முதல் மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. எங்காவது வரிசையில் நின்றால் கை தானாக சட்டைப் பைக்குப் போகும். இருபது நிமிடம் இவ்வளவு நீளமா என்று இருக்கும். இழப்பும் உண்டு. பழைய நண்பனின் அம்மா இறந்த செய்தி எனக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் தெரிந்தது. எல்லோரும் அங்கே பார்த்திருந்தார்கள், நான் மட்டும் பார்க்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் முழுவதுமாக விலகவில்லை. இப்போது நெருங்கியவர்களுக்கு வாரம் ஒருமுறை நானே போன் செய்கிறேன்.

பின்தொடர்கிறவர்களின் பதிவுகளை மட்டும் கால வரிசையில் பார்க்கும் வசதி 2022-ல் இன்ஸ்டாகிராமில் திரும்ப வந்தது. மாலையில் கணினியில் அதைத்தான் திறக்கிறேன். நேற்று ஏழெட்டு நிமிடத்திலேயே முந்தைய நாள் பார்த்த போட்டோ வந்துவிட்டது. மூடிவிட்டு எழுந்தேன். மகள் பக்கத்து அறையில் ஏதோ ஸ்டெப் பழகிக்கொண்டிருந்தாள். கதவோரம் நின்று பார்த்தேன்.