மழலையர் ஆசிரியராக: மாண்டிசோரி டிப்ளமோவா, டி.எல்.எட். படிப்பா?

பிளஸ் டூ முடித்துவிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆசைப்படுபவர்கள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தயங்கி நிற்கிறார்கள். மாண்டிசோரி என்பது குழந்தை பொருள்களைக் கையாண்டு தானே கற்கும் முறை; டி.எல்.எட். என்பது தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயப் படிப்பு.

பிள்ளைகளின் வயது: மாண்டிசோரியில் இரண்டரை முதல் ஆறு வரை. டி.எல்.எட். ஒன்றாம் வகுப்பிலிருந்துதான்.

செலவு: டி.எல்.எட். இரண்டு வருடம், அரசு நிறுவனத்தில் இடம் கிடைத்தால் கட்டணம் குறைவு. மாண்டிசோரி பெரும்பாலும் தனியார்தான், கை கடிக்கும்.

பயிற்சி: இங்கேதான் பெரிய வித்தியாசம். 1939-இல் மாண்டிசோரி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரியே அடையாறுக்கு வந்து நடத்திய பயிற்சியின் வழி இன்றும் தொடர்கிறது. 10 செ.மீ. முதல் 1 செ.மீ. வரையிலான பத்து இளஞ்சிவப்புக் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பாய்க்கு எடுத்துவந்து, அதிகம் பேசாமல் அடுக்கிக் காட்டப் பழக வேண்டும். குழந்தை தடுமாறும்போது கை நீட்டாமல் பார்த்திருப்பதும் பாடம்தான். டி.எல்.எட்.-இல் பாடத்திட்டம், உளவியல், பள்ளியில் கற்பித்தல் பயிற்சி.

வேலை: அரசுத் தொடக்கப்பள்ளிக்கு டி.எல்.எட்., அப்புறம் ஆசிரியர் தகுதித் தேர்வு முதல் தாள். மாண்டிசோரி சான்றிதழ் மட்டும் அங்கே போதாது.

அரசு வேலைதான் குறி என்றால் டி.எல்.எட். சரி. மூன்று வயதுக் குழந்தையோடு தரையில் உட்காரத்தான் மனம் இழுக்கிறது என்றால், கடன் வாங்காமல் முடியுமானால், மாண்டிசோரியையே சொல்வேன்.