ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500: வீட்டுக் கராஜில் பிரித்துக் கட்டிய இன்ஜின், ஆறு ஆண்டு ஓட்டிய பிறகு

ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500 என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜின் இது. இதன் தலையெழுத்து இரண்டு அரைநிலா வாஷர்களில் இருக்கிறது. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைக்கும் த்ரஸ்ட் வாஷர்கள் அவை. கிராங்கைத் தாங்கும் பின்பக்க மெயின் பேரிங்கின் இரு பக்கமும் ஒவ்வொன்று, அதுவும் இன்ஜின் பிளாக் பக்கத்தில் மட்டும். கீழே மூடும் கேப்பில் எதுவும் கிடையாது. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னால் தள்ளப்படும், பின்பக்க வாஷர் தேயும். ஒரு அளவுக்கு மேல் தேய்ந்தால் அது சுழன்று நழுவி சம்பில், அதாவது அடியிலுள்ள ஆயில் தொட்டியில், விழுந்துவிடும். அதன் பிறகு கிராங்க் நேரடியாக பிளாக்கை அரைக்கும். அப்படி அரைபட்ட பிளாக்கைக் காப்பாற்ற எடுக்கும் பாட்டுக்கு வேறு பிளாக் தேடுவது மேல்.

ஸ்பிட்ஃபயர் இன்ஜினைப் பிரிக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது குதிரைசக்தி பற்றி. நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

என் வண்டி 1978 மாடல். இங்கிலாந்தில் கவென்ட்ரியின் கேன்லி பகுதியில் 1962 முதல் 1980 வரை ஸ்பிட்ஃபயர் உருவானது. உடலை வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. அடியில் இருப்பது ட்ரையம்ஃபின் ஹெரால்டு காரின் சேசியைச் சுருக்கிய வடிவம். சென்னையில் பழைய ஆட்களுக்கு ஹெரால்டைத் தெரியாமல் இருக்காது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் அங்கேயே அதைக் கட்டியது, பிறகு 1972-ல் அதன் வாரிசாக கெசல் கார் வந்தது. அந்த ஹெரால்டின் 948 சிசி இன்ஜினும் என்னுடைய 1493 சிசி இன்ஜினும் ஒரே வம்சம். ஸ்டாண்டர்டு எய்ட் காரில் 803 சிசியாகத் தொடங்கி, 948, 1147, 1296 என்று வளர்ந்து கடைசியில் 1493-ல் வந்து நின்றது. மூன்றே மெயின் பேரிங், புஷ்ராடு, வார்ப்பிரும்பு ஹெட் எல்லாம் கடைசிவரை மாறவில்லை. மாறியது ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்: 1296-ல் 76 மில்லிமீட்டர், 1493-ல் 87.5. இவ்வளவு நீள ஸ்ட்ரோக்கை மூன்று பேரிங் சுமப்பதால்தான் 1500-ஐ மணிக்கணக்கில் அதிக ஆர்பிஎம்மில் ஓட்டினால், பிஸ்டன் தண்டு கிராங்கோடு சேரும் இடத்தில் உள்ள பிக் எண்ட் பேரிங் போகிறது. எம்ஜி மிட்ஜெட்டின் கடைசி ஆண்டுகளிலும் இதே இன்ஜின்தான். அங்கேயும் அதே புகார்.

வண்டி வாங்கியபோது காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீழே இருந்து ஒரு தட்டல். புதுப்பேட்டையில் ஹெரால்டு வேலை பார்த்த பெரியப்பாவிடம் போனில் சொன்னேன். "சத்தத்தை விடுப்பா. ஒருத்தரை உள்ள உட்காரவெச்சு கிளட்சை மிதிக்கச் சொல்லு. முன்னால புல்லி நகருதா பாரு," என்றார். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு நகர்ந்தது. இன்ஜினை இறக்க வேண்டியதுதான் என்று முடிவானது அப்போது.

இறக்குவது இந்த வண்டியில் சுலபம். பானட்டும் முன் மட்கார்டுகளும் சேர்ந்த ஒரே துண்டு முன்னால் கவிழும்; டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை செய்யலாம். கியர்பாக்ஸை அதன் இடத்திலேயே விட்டு, அதன் முன்பக்கக் கூடான பெல் ஹவுசிங்கின் கீழ் ஜாக் கொடுத்துவிட்டு, இன்ஜினை மட்டும் வாடகைக் கிரேனில் தூக்கினோம். ஸ்பானர் எல்லாம் அங்குலக் கணக்கு. அரை அங்குலமும் ஒன்பது பதினாறும் இருந்தால் பாதி வண்டியைப் பிரித்துவிடலாம்.

பிரித்த பிறகுதான் வேலையே. பாகம் விற்கும் கடைகளில் "முழு இன்ஜின் கிட்" என்று ஒரு பெட்டி கிடைக்கும், எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடலாம். நான் அதை வாங்கவில்லை. மைக்ரோமீட்டரும், சிலிண்டர் விட்டம் அளக்கும் போர் கேஜும் வாங்கி, ஒவ்வொன்றையும் அளந்து, அளவுக்குள் இருந்ததைத் திரும்ப வைத்தேன். வால்வுகளைத் திறக்கும் கேமும், அதன் மேல் ஓடும் டேப்பட்டும் நன்றாக இருந்தன. டேப்பட்டுகளை முட்டை அட்டையில் வரிசை எண் எழுதி வைத்தேன், ஏனென்றால் எது எந்தக் கேம் முனையோடு தேய்ந்து பழகியதோ அதனோடுதான் திரும்பப் போக வேண்டும். வால்வுகளை அழுத்தும் ராக்கர்களைத் தாங்கும் ஷாஃப்ட் மட்டும் அடிப்பக்கம் படி விழுந்து தேய்ந்திருந்தது. கிராங்கையும் சிலிண்டர்களையும் லேத் பட்டறைக்கு அனுப்பினேன். கிராங்க் பத்து தௌ அரைக்கப்பட்டது. தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று. சிலிண்டர்களை இருபது தௌ ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு ரீபோர் செய்தார்கள், அதாவது குடைந்து அகலப்படுத்தினார்கள். ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட் வைக்கச் சொன்னேன். ஈயமில்லாத பெட்ரோலில் பழைய வார்ப்பிரும்பு சீட் மெல்ல உள்வாங்கும், வால்வு இடைவெளி குறைந்துகொண்டே போகும்.

பட்டறையிலிருந்து வந்த பிளாக்கை அப்படியே கட்டிவிடாதீர்கள். ஆயில் பாதைகளின் பிளக்குகளைக் கழற்றி, நீளமான பிரஷ் விட்டுக் கழுவ வேண்டும். ரீபோர் செய்த தூள் அங்கேதான் ஒளிந்திருக்கும். பிளாக்குக்குள் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் ஜாக்கெட்டில், நான்காம் சிலிண்டரைச் சுற்றித் துருச்சேறு கல்லாக இறுகியிருந்தது. கம்பி விட்டுக் குத்திக் குத்தி எடுத்தேன். பின் சிலிண்டர் சூடாகிறது என்று ரேடியேட்டரை மாற்றுகிறவர்கள் முதலில் இங்கே பார்க்கலாம்.

பொருத்தும்போது எனக்குப் பிடித்த இடம், ஆயில் ஒழுகாமல் அடைக்கும் முன்பக்க சீலிங் பிளாக். இரு முனையிலும் உள்ள இடுக்கை அடைக்க கேஸ்கெட் செட்டோடு இரண்டு சின்ன மரத்துண்டுகள் வரும். ஆமாம், மரம். அடித்து இறக்கி, நீட்டியிருப்பதைக் கத்தியால் சீவிவிட்டால் ஆயில் ஒழுகாது. அந்த சீலிங் பிளாக் அலுமினியம் என்பதால் ஸ்க்ரூவை இறுக்கும்போது கை நிதானம் வேண்டும்.

த்ரஸ்ட் வாஷரின் வரிப்பள்ளம் உள்ள முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும், பிளாக்கை அல்ல. சாதாரண வாஷர் ஒன்று, ஐந்து தௌ ஓவர்சைஸ் ஒன்று என்று சேர்த்துப் பார்த்து, டயல் கேஜில் ஆறு தௌ ஆட்டம் வருகிற மாதிரி வைத்தேன். மெயின் கேப் போல்டுகள் 65 பவுண்டு-அடி. வால்வு இடைவெளி பத்து தௌ, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் முள் எழும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றினேன். பழைய கேம் என்பதால் இருபது நிமிடம் 2,000 ஆர்பிஎம்மில் வைக்கும் சடங்கு எனக்குத் தேவைப்படவில்லை. புதுக் கேம் போடுகிறவர்கள் அதை விடவே கூடாது. எல்லோருக்கும் பொதுவானது ஒன்று: புது ரிங் போட்ட இன்ஜினை வீட்டு வாசலில் ஐடிலிங்கில் விட்டு ரசிக்காதீர்கள். சிலிண்டர் சுவர் பளபளப்பாகிவிடும், ரிங் உட்காராது, பிறகு ஆயில் குடிக்கும்.

ஆறு ஆண்டுகள், சுமார் 15,000 மைல் ஓடிய பிறகு இப்போதைய நிலை: நெடுஞ்சாலையில் சூடான இன்ஜினில் ஆயில் பிரஷர் 50 பிஎஸ்ஐ. கிராங்க் ஆட்டம் ஏழு தௌ. புகை இல்லை. சம்ப் பின்பக்கம் லேசான கசிவு உண்டு, அதை நான் கணக்கில் எடுப்பதில்லை. அளந்து திரும்ப வைத்த பழைய பாகங்களில் ஒன்றுகூட மக்கர் செய்யவில்லை.

தகராறு செய்தவை எல்லாம் பெட்டியிலிருந்து வந்த புதுசுகள். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வாங்கிய ரோட்டார் ஆர்ம் உள்ளே ரிவெட் வழியாக மின்சாரத்தைக் கசியவிட்டு, ரவுண்டானா நடுவில் வண்டியை நிறுத்தியது. ரிவெட் இல்லாத வகையை மாட்டிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. புது கண்டென்சர் ஒரு கோடைக்குக்கூடத் தாங்கவில்லை. பெட்ரோல் பம்பைப் பழையதன் உடலிலேயே டயாஃப்ரம் மாற்றி ஓட்டுகிறேன். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலே பத்து சதவீத எத்தனால் கலந்த இ10 ஆகிவிட்டது. சாதாரண ரப்பர் குழாய் அதில் வெடித்துப் பிளக்கிறது. ஆர்9 தரக் குழாய் வாங்குங்கள், முடிந்தால் சூப்பர் பெட்ரோல் போடுங்கள்.

பழக்கத்தில் மாற்றியவை நான்கு. நியூட்ரலில் வைத்து, கிளட்சை மிதிக்காமல் ஸ்டார்ட் செய்கிறேன். ஆயில் ஏறாத நேரத்தில் த்ரஸ்ட் வாஷர் மேல் பாரம் ஏறக்கூடாது. சிக்னலிலும் கிளட்சை மிதித்தபடி நிற்பதில்லை. ஆயில் ஃபில்டர் இதில் படுக்கை வாட்டில் இருப்பதால், எண்ணெய் திரும்ப வடியாமல் தடுக்கும் வால்வு உள்ள ஃபில்டராகப் பார்த்து வாங்குகிறேன். ஊற்றுவது துத்தநாகம் சேர்ந்த 20டபிள்யூ-50 ஆயில்.

பணக் கணக்கு பார்த்தால் தோற்றுப்போவீர்கள். பட்டறைக் கூலியும் அளவுக் கருவிகளும் சேர்ந்த தொகைக்கு ஓடுகிற நிலையில் இன்னொரு இன்ஜினே கிடைத்திருக்கும், அதன் கிராங்க் எவ்வளவு ஆடுகிறது என்பதுதான் தெரிந்திருக்காது. இனிமேல்தான் வண்டி வாங்கப்போகிறீர்கள், நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டுவதில் ஆசை என்றால், 1500-ஐ விட்டுவிட்டு 1296 சிசி உள்ள மார்க் 3 தேடுங்கள். கிராமத்துச் சாலையில் மூன்றாம் கியரில் நிதானமாகப் போகிறவர்களுக்கு 1500-தான் சுகம்.