ஆம்புலன்ஸுக்கு எந்தத் தகடு: அலுமினாவா, சிலிக்கான் கார்பைடா?

டெக்சாஸில் ஒரு சிற்றூரின் தன்னார்வ ஆம்புலன்ஸ் குழுவில் இருக்கிறேன். துப்பாக்கிச் சூட்டில் அடிபட்டவர்களைக் காப்பாற்ற, ரத்தப்போக்கை உடனே நிறுத்துவதுதான் முதல் வேலை. துப்பாக்கிச் சூடுகளில் உயிரிழப்பைக் குறைப்பது பற்றி 2013இல் வெளிவந்த ஹார்ட்ஃபோர்ட் பரிந்துரைகள் இதை வலியுறுத்தின. அப்புறம் பல ஊர்களில் மருத்துவ உதவியாளர்களும் கவசம் அணிந்து, போலீஸ் துணையோடு சூடு நடந்த இடத்துக்குள் போகத் தொடங்கினார்கள். எங்கள் வண்டியில் நான்கு பேர். கவச அங்கிக்குள் செருகும், குண்டைத் தடுக்கும் தகடுகள் மார்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று எட்டு தேவைப்பட்டன. பணமோ ஊர்க்காரர்கள் கொடுத்த நன்கொடை. அதனால் சீனாவில் செய்து இங்கே விற்கப்படும் மலிவான செராமிக் தகடுகளைத்தான் பார்த்தோம். தேர்ந்தெடுக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எஃகுத் தகடு வேண்டாம் என்று முதலிலேயே முடிவானது. கனம் ஒரு பக்கம், குண்டு பட்டதும் சிதறும் துணுக்குகள் கழுத்தையும் தாடையையும் பதம் பார்க்கும் என்பது இன்னொரு பக்கம். வெறும் பாலிஎத்திலீன் தகடு இறகு போல இருக்கும், ஆனால் இங்கே எங்கும் கிடைக்கிற எம்855 என்ற ரைஃபிள் குண்டின் எஃகு முனைக்கு அதை நம்ப முடியாது. ஆக, செராமிக்தான். அதில் அலுமினாவா, சிலிக்கான் கார்பைடா என்பதுதான் கேள்வி. போரான் கார்பைடு இன்னும் லேசானது, விலையோ எங்களுக்கு எட்டாதது.

வேலை செய்யும் விதம் இரண்டிலும் ஒன்றுதான். முன்னால் இருக்கும் கடினமான செராமிக் குண்டின் முனையை நொறுக்கும். பின்னால் இருக்கும் பாலிஎத்திலீன் அடுக்கு துணுக்குகளைப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு அமைப்பான என்.ஐ.ஜே. கவசங்களுக்கு வகுத்த பழைய தரத்தில் லெவல் 4 என்றால், எஃகைத் துளைக்கும் எம்2 என்ற ரைஃபிள் குண்டு நொடிக்கு 878 மீட்டர் வேகத்தில் வந்தாலும் தடுக்க வேண்டும். 2023இல் வந்த புதிய தரத்தில் இதற்கு ஆர்எஃப்3 என்று பெயர். ‘லெவல் 3+’ என்று போட்டிருந்தால் கவனம் தேவை, அப்படி ஒரு நிலை என்.ஐ.ஜே. தரத்தில் கிடையாது.

எடையில் சிலிக்கான் கார்பைடு ஜெயிக்கிறது. நாங்கள் பார்த்த அலுமினாத் தகடு ஒன்று மூன்றேகால் கிலோ, மற்றது இரண்டரைக்குச் சற்று மேல். இரண்டு தகடு போட்டால் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம். இரவல் வாங்கிய சிலிக்கான் கார்பைடை ஒரே ஒரு நாள் பயிற்சியில் போட்டுப் பார்த்தேன். குனிந்து காயத்துக்குக் கட்டுப் போடும்போது முதுகு நன்றி சொன்னது உண்மை. நாள் முழுக்க கவசத்தோடு நிற்கிற போலீஸ்காரருக்கு அது பெரிய விஷயமாக இருக்கலாம். நாங்கள் அரை மணி, ஒரு மணி நேரம்தான் அணிகிறோம். அதைத் தாண்டிய அனுபவம் எனக்கு இல்லை.

என் முடிவை மாற்றியது பராமரிப்பு. ஊரில் பானை வாங்கும்போது விரலால் தட்டி, ‘கணீர்’ என்று கேட்டால்தான் அம்மா எடுப்பார். செராமிக் தகடு அதே ஜாதிதான், ஆனால் மேலே நுரையும் துணியும் சுற்றியிருப்பதால் தட்டினால் ஒன்றும் தெரியாது. கான்கிரீட்டில் ஒருமுறை விழுந்தால் உள்ளே மயிரிழை விரிசல் விட்டிருக்கலாம், வெளியே கீறல்கூட இருக்காது. ராணுவம் இதற்காக எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறது. நாங்கள் செய்யக்கூடியது, எதிரெதிர் ஓரங்களைப் பிடித்து மெல்ல முறுக்கி, உள்ளே நறநறவென்று உரசும் சத்தம் வருகிறதா என்று கேட்பதுதான். சத்தம் வந்தால் தகடு போச்சு. வராவிட்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

ஆம்புலன்ஸில் பொருள்கள் எப்படிப் புழங்கும் என்று எனக்குத் தெரியும். அவசரத்தில் பை தூக்கி எறியப்படும், ஆக்சிஜன் சிலிண்டர் மேலே சாயும், புதிதாக வந்த பையன் கை நழுவ விடுவான். அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தத் தகட்டைத் தூக்கிப்போட மனம் வருமா? நாங்கள் விசாரித்த நேரத்தில் அலுமினா ஏறக்குறைய 150 டாலர், சிலிக்கான் கார்பைடு அதைப்போல இரண்டு மடங்கு. விலை கூடக் கூட ‘பரவாயில்லை, ஒன்றும் ஆகியிருக்காது’ என்று மனசு சமாதானம் சொல்லும். சந்தேகத்துக்கு இடமான தகட்டை அணிந்துகொண்டு ஒருவர் உள்ளே போவதை என்னால் ஏற்க முடியாது. மலிவான தகடு என்றால் தயங்காமல் கழித்துவிடலாம்.

பெரும்பாலான தகடுகளுக்கு உத்தரவாதம் ஐந்தாண்டு. டெக்சாஸ் வெயிலில் மூடிய வண்டிக்குள் ஏறும் சூடு பாலிஎத்திலீனுக்கு ஆகாது. அந்தத் தொல்லை இரண்டுக்கும் பொது. அதனால் வண்டி நிலையத்தில் நிற்கும்போது தகடுகளை எடுத்து ஏசி அறை அலமாரியில் படுக்கை வசமாக வைத்துவிடுகிறோம்.

எதை வாங்கினாலும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ‘என்.ஐ.ஜே. தரப்படி சோதித்தது’ என்பது வேறு, ‘சான்று பெற்றது’ என்பது வேறு. முதலாவது என்றோ ஒரு நாள் ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரித் தகட்டைப் பற்றிய பேச்சு. சான்று பெற்ற மாடல்கள் என்.ஐ.ஜே. பட்டியலில் இருக்கும், பின்னாளிலும் உற்பத்தியிலிருந்து எடுத்துச் சோதிப்பார்கள். செராமிக்கில் சூளைக்குச் சூளை தரம் மாறலாம் என்பதால் இது முக்கியம். நாங்கள் எடுத்த அலுமினா மாடலின் எண் பட்டியலில் இருந்தது. எங்களுக்குக் கட்டுப்படியான சிலிக்கான் கார்பைடுக்கு ஆய்வக அறிக்கை மட்டுமே இருந்தது. இன்னொன்று, தகட்டின் மேல் ‘ஐசிடபிள்யூ’ என்று அச்சிட்டிருந்தால் பின்னால் மென்கவசம் இருந்தால்தான் அது சொன்னபடி காக்கும். தனியாகப் போடக் கூடாது.

எட்டு போதும் என்றிருந்த இடத்தில் அலுமினாவில் பத்து வாங்கினோம். போன கோடையில் ஒன்று வண்டிப் படியிலிருந்து தரையில் விழுந்தது. முறுக்கிப் பார்த்தோம், சத்தமில்லை. இருந்தாலும் அன்றே அதன்மேல் சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி போட்டு, உதிரியில் ஒன்றை எடுத்து கவச அங்கியில் செருகினோம்.