பதினான்கு பேர் கம்பெனியும் சிறுசேரி வளாகமும்

கையில் இரண்டு ஆஃபர் வைத்துக்கொண்டு பெரிய கம்பெனியா, சின்ன கம்பெனியா என்று குழம்பும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். இரண்டிலும் இருந்திருக்கிறேன். 2015 முதல் மூன்று வருடம் கோவை பீளமேட்டில், பதினான்கு பேர் மட்டும் வேலை பார்த்த ஒரு நிறுவனம். திருப்பூர் பனியன் யூனிட்டுகளுக்கு பில்லிங், ஜாப் ஒர்க் (அடுத்தவர் சரக்கைக் கூலிக்குச் செய்து தருவது) கணக்கு சாஃப்ட்வேர் எழுதினோம். அப்புறம் நாலு வருடம் சென்னை சிறுசேரி சிப்காட்டில் வெளி நிறுவனங்களுக்கு சாஃப்ட்வேர் எழுதித் தரும் ஒரு பெரிய சர்வீஸ் நிறுவனம். சம்பளத்தை எல்லோரும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது, நாம் எழுதும் புரோகிராம் கோடுக்கும் அதை வைத்துப் பிழைப்பவருக்கும் நடுவே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை.

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. ஜூன் கடைசி வாரம் முழுக்க ஆபீஸிலேயே கிடந்தோம். துணிக்கான ஜாப் ஒர்க்குக்கு 5 சதவீதம், தைத்த ஆடைக்கான ஜாப் ஒர்க்குக்கு 18 சதவீதம். அந்த எண்களை நான் நேராக கோடுக்குள்ளேயே எழுதிவிட்டேன். ஆகஸ்ட் 5-ஆம் தேதி கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் ஆடை ஜாப் ஒர்க்கையும் 5 ஆகக் குறைக்க முடிவெடுத்தது. ஆகஸ்ட் 22-ஆம் தேதி அது அமலுக்கு வந்தது. மறுநாள் காலை வேலம்பாளையத்தில் பவர் டேபிள் (தையல்) யூனிட் வைத்திருந்த ஓர் அண்ணனிடமிருந்து போன்.

“தம்பி, பில்லுல இன்னும் பதினெட்டுன்னே வருதுங்க. பார்ட்டி அஞ்சு போட்டாத்தான் வாங்குவேங்கறாங்க. வண்டி வாசல்ல நிக்குது.”

எண்ணை மாற்றினால் போதும் என்று நினைத்தேன். மாற்றிப் பார்த்தால், ஜூலை மாதத்துப் பழைய பில்லை மறுபடி பிரிண்ட் எடுக்கும்போது அதிலும் 5 என்று வந்தது. எந்தத் தேதியிலிருந்து எந்த வரி என்று ஒரு தனி டேபிளில் வைத்து, பில் தேதியைப் பார்த்து வரியை எடுக்கும்படி அன்றைக்கு மதியத்துக்குள் மாற்றி எழுதினேன். பென் டிரைவில் போட்டுக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. அவர் மவுஸையே தொடவில்லை. எல்லாம் என்டர் கீயில்தான். நான் அழகுக்காக வைத்திருந்த நாலு கட்டங்களைத் தாண்ட, ஒவ்வொரு பில்லுக்கும் நாலு முறை வீணாகத் தட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டங்களை அங்கேயே எடுத்தேன். அவர் அடுத்த பில்லைப் போட்டுவிட்டு, “இப்பத்தான் சுளுவா இருக்குதுங்க” என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே சின்ன கம்பெனியில் சேரலாம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

சிறுசேரியில் இதே திருத்தம் என்றால் டிக்கெட் (பதிவு செய்த புகார்), பிசினஸ் அனலிஸ்ட், ஒப்புதல், டெஸ்டிங் டீம், ரிலீஸ் தேதி என்று ஐந்து வாசல் தாண்டிப் போகும். ஐரோப்பிய இன்சூரன்ஸ் நிறுவனம் ஒன்றுக்காக க்ளெய்ம் ஸ்கிரீன்களை நாலு வருடம் எழுதினேன். அந்த ஸ்கிரீனில் வேலை செய்யும் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்த ஐந்து வாசலும் வீணில்லை. கோவையில் நான் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்த்ததே கிடையாது. 18 என்பது கோடுக்குள் இருந்ததை யாராவது ஒருவர் பார்த்திருந்தால் ஜூன் மாதமே கேட்டிருப்பார். இன்னொரு சமயம் எங்கள் சர்வரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. தினமும் ராத்திரி பேக்கப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எடுத்துப் பார்த்தால் பல வாரமாக உள்ளே ஒன்றுமில்லாத காலி ஃபைல். ஒருநாளாவது அதைத் திருப்பி ஏற்றிப் பார்த்திருக்கவில்லை. ஒரு வாடிக்கையாளரின் பில்களை பேப்பரிலிருந்து மூன்று நாள் உட்கார்ந்து டைப் செய்தோம். சிறுசேரியிலோ, பேக்கப்பைத் திருப்பி ஏற்றிப் பார்ப்பதற்கென்றே நாள் குறித்திருந்தார்கள். ஒழுங்கு என்பதை நான் கற்றது அங்கேதான்.

பணம், பாதுகாப்பு விஷயத்தில் பெரிய கம்பெனி பக்கம்தான் தட்டு தாழும். அங்கே மாதக் கடைசி நாளில் சம்பளம் வந்துவிடும். கோவையில் பார்ட்டி செக் பாஸாகிற நாள்தான் சம்பள நாள். ஒரு மாதம் 18-ஆம் தேதி ஆகிவிட்டது. இருபது பேருக்குக் குறைவாக இருந்தால் பி.எஃப். கட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, எங்களுக்கும் இல்லை. வேலையை விடும்போது தரும் கிராஜுவிட்டி தொகைக்கான சட்டம் பத்து பேர் இருந்தாலே பொருந்தும், ஆனால் நிரந்தர வேலையில் ஐந்து வருடம் முடிக்க வேண்டும். வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கியில் முதலில் கம்பெனி பெயரைத்தான் பட்டியலில் தேடுகிறார்கள்.

பெண்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையானது, இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. 2017 முதல் மகப்பேறு விடுப்பு 26 வாரம். ஈ.எஸ்.ஐ.க்குள் (குறைந்த சம்பளக்காரர்களுக்கான அரசுக் காப்பீடு) வருகிறவர்களுக்கு அந்தச் சம்பளத்தை ஈ.எஸ்.ஐ. தருகிறது. அதைத் தாண்டிய சம்பளக்காரர்களுக்கு முழுச் செலவும் கம்பெனி தலையில். பதினான்கு பேர் நிறுவனத்தில் அது கனமான தொகை. அதனால் கல்யாணம் நிச்சயமான பெண் என்றால் இன்டர்வியூவிலேயே தயங்குகிறார்கள். என்னோடு வேலை பார்த்தவர்களில் மிகத் திறமையான பெண் அப்படித்தான் வெளியே போனார். அது அநியாயம். பெரிய கம்பெனியில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லவில்லை, விடுப்பு எடுத்துவிட்டு வந்தவரின் ரேட்டிங் குறைவதையும் பார்த்தேன். ஆனாலும் விடுப்பும் வேலையும் நிச்சயம்.

சின்ன கம்பெனி என்று ஒரே பெயரில் சொல்வதும் தப்பு. சொந்தமாக ஒரு சாஃப்ட்வேர் செய்து விற்பவை ஒரு வகை. 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய ஸோஹோவும், 2010-இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸும் அந்த வகையில் சின்னதாக இருந்து வளர்ந்தவைதான். பெரிய கம்பெனி புராஜெக்டுகளுக்கு ஆள் அனுப்பிக் கமிஷன் பார்ப்பவை இன்னொரு வகை. அதில் சேர்ந்தால் வாடிக்கையாளர் முகமும் தெரியாது, பெரிய கம்பெனியின் இன்சூரன்ஸும் கிடைக்காது. அதற்குப் பெரிய கம்பெனிக்கே நேராகப் போய்விடலாம்.

முதலாளி விஷயம் கடைசி. சிறுசேரியில் மேனேஜரோடு ஒத்துவரவில்லை என்றால் வேறு புராஜெக்ட் கேட்கலாம். பதினான்கு பேரில் எங்கே போவது? அவர் கோபக்காரர் என்றால் ஆபீஸே கோபமாக இருக்கும். எங்கள் முதலாளி நல்லவர். அந்த 18-ஆம் தேதி சம்பளத்தின்போது எல்லோரையும் உட்கார வைத்து, எந்தப் பார்ட்டி எவ்வளவு பாக்கி என்று கணக்கை அப்படியே காட்டினார். அதனால்தான் அன்றைக்கு யாரும் கிளம்பவில்லை.

2022-இல் கோவைக்கே திரும்பினேன், இப்போது நாற்பது பேர் நிறுவனம். சேரும் முன்னால் மூன்று கேட்டேன்: போன ஆறு மாதமும் சம்பளம் எந்தெந்தத் தேதியில் வந்தது, பி.எஃப். பாஸ்புக்கில் பணம் ஏறுகிறதா, கடைசியாக விலகியவருக்கு ரிலீவிங் லெட்டர் எப்போது கிடைத்தது. முதல் இரண்டுக்கும் அங்கேயே பதில் சொன்னார்கள். மூன்றாவதற்கு, விலகியவரின் போன் நம்பரையே கொடுத்து, “நீங்களே கேட்டுக்குங்க” என்றார்கள். அன்று சாயங்காலமே அவரோடு பேசினேன். மறுநாள் கையெழுத்துப் போட்டேன்.