ட்ரம்ல என்ன இருக்குனு கேட்டுட்டு ஏத்துற வேஸ்ட் சர்வீஸ்: ஒன்றரை வருஷ அனுபவம்

நான் ஒரு சின்ன பிளேட்டிங் (உலோக பொருள் மேல வேற உலோக பூச்சு ஏத்துறது), பெயிண்டிங் யூனிட்ல வேஸ்ட் ஷெட்டுக்கு பொறுப்பு. குரோம் ஸ்லட்ஜ் (சேறு மாதிரி கழிவு), தீர்ந்து போன ஆசிட், பழைய சயனைடு பாத் (பூச்சு ஏத்த பொருள முக்குற கரைசல்), அழுக்கு தின்னர், பெயிண்ட் வண்டல், எண்ணெய் துடைச்ச துணினு ஆபத்தான கழிவு எல்லாம் கடைசியா வந்து சேர்ற இடம் என் ஷெட்தான். ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி இத எடுத்துட்டு போற கம்பெனிய மாத்தினோம். பேர விட அவங்க வேலை பாக்குற விதம்தான் முக்கியம்னு நினைக்கிறேன், அத விவரமா எழுதுறேன், இதே மாதிரி சர்வீஸ் தேடுறவங்களுக்கு எத பாக்கணும்னு தெரியும்.

முதல்ல பழைய ஆளுங்கள பத்தி சொல்லிடறேன். போன் பண்ணா அடுத்த நாளே லாரி வந்துடும், ஒரு கேள்வி கிடையாது, இருக்குறத ஏத்திட்டு "மிக்ஸட் வேஸ்ட்"னு ஒரே வரியில ரசீது குடுத்துட்டு கிளம்பிடுவாங்க. அந்த வேகம் எனக்கும் வசதியாத்தான் இருந்துச்சு. ஒரு நாள் ஏத்தும்போது பக்கத்துல நின்னு பாத்தேன், ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ட்ரம்ம ஒட்டியே சயனைடு பாத் ட்ரம் வச்சு கயிறு கட்டிட்டு இருந்தாங்க. ரெண்டும் ஒழுகி ஒண்ணு சேந்தா ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும், கொஞ்ச நேரம் சுவாசிச்சாலே உயிர் போயிடும், ட்ரைவர் அண்ணனுக்கு அது தெரியவே தெரியாது, யாரும் அவருக்கு சொல்லல. "அண்ணே, அத இறக்குங்க"னு சொல்லி தனி நடையா அனுப்பினேன். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல, இத்தனை வருஷம் அனுப்பினது எல்லாம் எங்க போயிருக்கும்னு அப்பதான் யோசிச்சேன். கேட்டதுக்கு கடைசி வரைக்கும் ஒரு பதிலும் இல்ல.

புது கம்பெனி லாரி அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு பாரம் அனுப்பினாங்க. ஒவ்வொரு கழிவும் எந்த வேலையில இருந்து வருது, என்ன கெமிக்கல் கலந்திருக்கு, பிஹெச் (அமிலமா காரமானு காட்டுற அளவு) எவ்வளவு, எவ்வளவு நாளா ஷெட்ல இருக்குனு கேள்வி. அப்புறம் அவங்க கெமிஸ்ட் மேடம் நேர்ல வந்து சாம்பிள் எடுத்தாங்க. லேப்ல பிஹெச், தீப்பிடிக்குற வெப்பநிலை, குளோரின் கலந்த சால்வென்ட் இருக்கா, ஈயம் குரோமியம் மாதிரி உலோகம் எவ்வளவு, ஒரு ட்ரம்ம இன்னொண்ணோட சேத்தா சூடாகுதா வாயு வருதா, எல்லாம் பாத்துட்டுதான் ரேட்டே சொன்னாங்க. எங்க முதலாளி "இதுக்கு ஏன் பத்து நாள்"னு கோவிச்சுகிட்டார். எனக்கு மட்டும் அந்த பத்து நாளு நிம்மதி.

முதல் பிக்கப்ல நடந்தத சொல்லியே ஆகணும். மூலையில லேபிள் இல்லாத ஒரு பிளாஸ்டிக் ட்ரம், மூடி லேசா மேல உப்பி இருந்துச்சு. லோடிங் பையன் தொடப் போனான், மேடம் "கைய எடுப்பா, எல்லாரும் வெளிய போங்க"னு ஒரே சத்தம். விசாரிச்சு பாத்தா யாரோ மிச்சம் இருந்த பிக்லிங் ஆசிட்ட (துரு எடுக்குற ஆசிட்) துத்தநாக சீவல் கிடந்த ட்ரம்ல ஊத்தி இறுக்கி மூடியிருக்காங்க. ஆசிட்டும் துத்தநாகமும் சேந்தா ஹைட்ரஜன் வாயு வந்துகிட்டே இருக்கும், போக வழியில்லாம ட்ரம் வெடிக்கலாம், பக்கத்துல ஒரு தீப்பொறி பட்டா வாயுவே பத்திக்கும். பக்கத்துல இருந்த தின்னர் ட்ரம்ம எல்லாம் அந்த நிலையில நகத்தக் கூடாதுனு சொல்லி, தீப்பொறி வராம இருக்க ஷெட் கரண்ட்ட வெளிய இருந்தே ஆஃப் பண்ண வச்சு, முகக்கவசத்தோட அவங்க ஆளே மூடிய கொஞ்சம் கொஞ்சமா தளத்தி காத்த விட்டார். ரெண்டு மணி நேரம் ஆச்சு. அந்த ட்ரம்ம அன்னைக்கு ஏத்தவும் இல்ல, காத்து போற மூடி போட்டு அடுத்த வாரம் தனியா வந்துதான் எடுத்தாங்க. பழைய ஆளுங்களா இருந்தா அது லாரில வெயில்ல போயிருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனா எனக்கு ரொம்ப பிடிச்சது. நாங்க ஒழுகினா மரத்தூள் போட்டு அள்ளுவோம். நைட்ரிக் ஆசிட் மேல மரத்தூள் போட்டா தீயே பிடிக்கலாம்னு அவங்க ட்ரைவர்தான் சொன்னார், அவர் லாரில ஒழுகினத உறிஞ்ச, தீப்பிடிக்காத வெர்மிகுலைட்னு ஒரு கனிம துகள் மூட்டை இருக்கு. ட்ரைவருக்கே இவ்வளவு சொல்லிக் குடுத்திருக்காங்கனா கம்பெனி எப்படினு புரிஞ்சுக்கலாம். எண்ணெய் பெயிண்ட் துடைச்ச துணிய குவிச்சு வச்சா தானா சூடேறி பத்திக்கும், மூடி போட்ட இரும்பு டப்பால வைங்கனு சொன்னதும் அவர்தான்.

எடுத்துட்டு போய் என்ன பண்றாங்கனு கேட்டேன், நேர்லயே வந்து பாருங்கனு கூப்பிட்டாங்க. போனேன். சயனைடு கழிவ பிஹெச் பத்துக்கு மேல வச்சு ஹைப்போகுளோரைட் (ப்ளீச்ல இருக்குற கெமிக்கல்) போட்டு உடைக்குறாங்க, பிஹெச் இறங்கினா சயனோஜென் குளோரைடுனு இன்னொரு விஷ வாயு வரும்கிறதால மீட்டர விட்டு ஆள் நகரவே இல்ல. குரோமியம் எங்க கழிவுல ஆறு வேலன்சி வடிவத்துல இருக்கு, அது புற்றுநோய் உண்டாக்குறது, தண்ணியில ஈசியா கரையும். அத முதல்ல ஆசிட் நிலையில பைசல்ஃபைட்னு ஒரு உப்ப போட்டு விஷம் குறைஞ்ச மூணு வேலன்சிக்கு மாத்தி அப்புறம் பிஹெச்ச எட்டு ஒன்பதுக்கு ஏத்தி படிய வைக்குறாங்க. அந்த ஸ்லட்ஜ சிமெண்டோட கலந்து இறுக்கி, தண்ணியில ஊற வச்சு உலோகம் எவ்வளவு வெளிய வருதுனு டெஸ்ட் பண்ணி பாஸ் ஆனாதான் நிலத்துக்கு போகும். நிலம்னா சும்மா குழி தோண்டினது கிடையாது, அடியில களிமண், மேல தடிச்ச பிளாஸ்டிக் ஷீட் ரெண்டு அடுக்கு, கசியுற தண்ணிய இழுக்க குழாய், சுத்தி நிலத்தடி நீர் பாக்குற கிணறுங்க. தின்னர்ல நல்லா இருக்குறத வடிச்சு எடுத்துட்டு அடி வண்டல மட்டும் எரிக்குறாங்க. உலையோட ரெண்டாவது அறை 1100 டிகிரி, புகை ரெண்டு செகண்டாவது அதுல இருக்கணும், வெளிய வந்ததும் சட்டுனு குளிர வைக்கணும், மெதுவா ஆறினா 200ல இருந்து 450 டிகிரிக்குள்ள டயாக்சின்னு ஒரு கொடிய விஷம் திரும்ப உருவாகும். இந்த அளவு வேலைக்குதான் காசு கேக்குறாங்கனு அங்க நின்னப்ப புரிஞ்சுது.

காசு ஜாஸ்திதான், பழைய ரேட்ட விட கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு. முதலாளி மறுபடி மாத்தலாம்னு சொன்னப்ப நான் அவருக்கு சொன்னது ப்ரோபோ கோஆலாங்கிற கப்பலோட கதை. ஆம்ஸ்டர்டாம்ல முறையா சுத்தம் பண்ண கேட்ட ரேட் அதிகம்னு கப்பல்ல இருந்த விஷ கழிவ திருப்பி ஏத்திட்டு போயி, 2006 ஆகஸ்ட்ல ஆப்பிரிக்காவுல இருக்குற ஐவரி கோஸ்ட் நாட்டுல அபிஜான் நகரத்துல புதுசா லைசென்ஸ் வாங்கின ஒரு கம்பெனி கிட்ட குறைஞ்ச காசுக்கு குடுத்தாங்க. அவங்க லாரில ஏத்தி நகரத்த சுத்தி பல இடத்துல கொட்டிட்டாங்க, ஒரு லட்சம் பேருக்கு மேல சிகிச்சைக்கு போனாங்க. அவங்கள்ல ஒருத்தருக்கும் அந்த கப்பலோட எந்த சம்மந்தமும் இல்ல. நம்ம கேட் தாண்டின ட்ரம் யாரு வீட்டு பக்கத்துல கொட்டுதுனு தெரியாம நான் கையெழுத்து போட மாட்டேன்னு சொல்லிட்டேன். சார் கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் ரின்யூவல் பேப்பர எடுத்துட்டு வரச் சொன்னார்.

குறைனு பாத்தா இருக்கு. சொன்ன தேதிக்கு லாரி மூணு தடவை வரல, ஒரு தடவை ஒன்பது நாள் லேட், ஷெட் நிறைஞ்சு ட்ரம்ம நடைபாதையில வைக்க வேண்டியதாயிடுச்சு, அபாயகரமான கழிவுக்கு இது சின்ன தப்பு கிடையாது. அவங்க குடுக்குற லேபிள் தின்னர் பட்டா எழுத்து கலையுது, நாங்க மேல டேப் ஒட்டிக்குறோம். கழிவு கடைசியா போய் சேந்து அழிஞ்சதுக்கான மேனிஃபெஸ்ட் (கழிவு கூடவே போற பதிவு சீட்டு) நகல் முதல் ஆறு மாசம் நாலு தடவை கேட்டாதான் வந்துச்சு, இப்ப சரியா வருது. குறைஞ்சபட்ச லோடு இல்லாம வர மாட்டாங்க, அதனால ரொம்ப சின்ன பட்டறைங்களுக்கு கஷ்டம், பக்கத்து யூனிட்டோட பேசி ஒரே நாள்ல வரச் சொல்லலாம், ஆனா அவங்க ட்ரம் வேற நம்ம ட்ரம் வேறனு தனித்தனி மேனிஃபெஸ்ட் வாங்கிடுங்க.

அவங்க வியாபாரத்தையே குறைக்குற மாதிரி ஒரு யோசனையும் மேடம்தான் குடுத்தாங்க. பாத்ல இருந்து பொருள் மாட்டின ரேக்க தூக்கினதும் உடனே அலச போகாம கொஞ்ச நேரம் டேங்க் மேலயே சொட்ட விடுங்க, கெமிக்கல் டேங்குக்கே திரும்பும், அலசுற தண்ணி அவ்வளவு கெடாதுனு. செஞ்சு பாத்தோம், ஸ்லட்ஜ் மூட்டை கண்ணுக்கு தெரியுற அளவு குறைஞ்சிருக்கு.

மொத்தத்துல அஞ்சுக்கு நாலு குடுப்பேன், அந்த ஒண்ணு லாரி லேட்டுக்காக. ஷெட் பின்னாடி மண்ணுக்குள்ள பாதி புதைஞ்ச ரெண்டு பழைய கேன் போன வாரம் கிடைச்சுது, என்னனு இப்ப இங்க வேலை பாக்குற யாருக்கும் தெரியல. சுத்தி கயிறு கட்டி வச்சிருக்கேன், வியாழக்கிழமை சாம்பிள் எடுக்க வராங்க. ரிப்போர்ட் வந்ததும் இங்கயே சேத்து எழுதுறேன்.